இரும்புக்கு டிரான்ஸ்பர்... மரத்துக்கு வி.ஆர்.எஸ்!

நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனி எப்போதாவது கைமாறியிருக்கிறதா? எனக்கு ஒரு முறை அந்த பாக்கியம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை ஒரு முதலாளி. திங்கட்கிழமை காலை இன்னொரு முதலாளி. வாசலில் ஒருவர் ஏணி போட்டு பழைய போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். எங்கள் எல்லோரையும் ஹாலில் நிற்க வைத்து, டை கட்டிய ஓர் ஆசாமி, "எதுவுமே மாறப்போவதில்லை. நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்றார். பக்கத்தில் நின்ற சீனியர் அக்கவுன்டன்ட் என் காதைக் கடித்தார்: "குடும்பம்னு சொல்லிட்டான் தம்பி. பயோடேட்டாவைத் தூசி தட்டி வெச்சுக்கோ!"

மூன்றாவது மாதம் ஓசி காபி நின்றது. எட்டாவது மாதம் சீனியர் அக்கவுன்டன்ட் நின்றார். பத்தாவது மாதம் நானே தூசி தட்டினேன்.

இந்தப் பழைய கதை இப்போது ஞாபகம் வரக் காரணம், ஒரு ராட்டினம். அமெரிக்காவில் இருக்கும் என் சித்தி பையன் போனில் புலம்பிய ராட்டினம். 1999-ல், ஒய்-டூ-கே என்ற புண்ணியத்தில் விமானம் ஏறி, ஒஹையோ மாநிலத்தில் கிளீவ்லாண்டு நகரில் போய் இறங்கியவன். நாலு பிரம்மச்சாரிகள், ஒரே ஃப்ளாட், ஒரே ரைஸ் குக்கர். சனிக்கிழமை வந்தால் துணி துவைப்பது, ஊருக்கு போன் பேசுவது, இதை விட்டால் பொழுதுபோக்குக்கு அவர்களுக்கு வாய்த்தது பக்கத்திலிருந்த ஜியாகா லேக். (ஆங்கில ஸ்பெல்லிங்கைப் பார்த்துப் படித்தால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். ஜி-ஆ-கா, அவ்வளவுதான்.)

ஒரு ஏரி. அதன் கரையில் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. 1887-ல் ஆரம்பித்தது. அப்போதெல்லாம் கிளீவ்லாண்டு ஜனங்கள் கூடையில் சாப்பாடு கட்டிக்கொண்டு ரயிலில் வந்து இறங்கி, ஏரியில் குளித்து, டான்ஸ் ஆடிவிட்டு, சாயங்கால ரயிலைப் பிடிப்பார்கள்.

அமெரிக்காவின் பழைய பூங்காக்கள் பலவற்றின் ஜாதகம் இப்படி ரயிலோடும் டிராமோடும் பின்னிக்கொண்டதுதான். டிராம் கம்பெனிக்காரனுக்கு ஒரு கவலை. திங்கள் முதல் வெள்ளி வரை வண்டி நிரம்புகிறது. ஞாயிற்றுக்கிழமை காலியாக ஓடுகிறது. என்ன செய்யலாம்? தண்டவாளம் முடிகிற இடத்தில் ஒரு பூங்கா கட்டிவிட்டால்? ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தே ஆக வேண்டும்! பிட்ஸ்பர்க் பக்கத்தில் கென்னிவுட் என்ற பூங்கா 1898-ல் அப்படிப் பிறந்ததுதான். ஆக, ஆரம்பத்திலிருந்தே ராட்டினத்துக்குப் பின்னால் ஒரு கணக்குப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். நாம்தான் பஞ்சு மிட்டாய் மும்முரத்தில் அவரை கவனிப்பதில்லை.

இந்த மாதிரிப் பூங்காக்களுக்கு டிஸ்னி அந்தஸ்து கிடையாது. டிஸ்னிக்கு வருஷக் கணக்கில் பணம் சேர்த்து, பிளேன் ஏறிப் போவார்கள். இதெல்லாம் உள்ளூர் சமாசாரம். இரண்டு மூன்று மணி நேர கார் தூரத்தில் இருப்பவர்கள், சீஸன் பாஸ் வாங்கிக்கொண்டு ஒரே வருஷத்தில் ஐந்தாறு தடவை போய் வருவார்கள். அந்த ஊர் வாண்டுகள் முதலில் கூச்சல் போட்டுக் கத்தியது அங்கேதான். கொஞ்சம் வளர்ந்ததும் கோடை விடுமுறையில் ஐஸ்கிரீம் விற்று முதல் சம்பளம் வாங்கியதும் அங்கேதான். கையோடு முதல் காதலும். பல குடும்பங்களில் தாத்தா, அப்பா, பேரன் மூன்று பேரும் ஒரே ராட்டினத்தில் வாந்தி எடுத்திருப்பார்கள்.

ஜியாகா லேக்கில் அப்படிப்பட்ட ராட்டினத்தின் பெயர் பிக் டிப்பர். 1925-ல் மரத்தால் கட்டிய ரோலர் கோஸ்டர். வடிவமைத்தவர் ஜான் மில்லர். இன்றைக்கு ரோலர் கோஸ்டர் பெட்டி மேட்டில் ஏறும்போது பின்னால் வழுக்காமல் 'டக்... டக்... டக்' என்று ஒரு சத்தம் கேட்கிறதே, அந்தப் பாதுகாப்பும், பெட்டி தண்டவாளத்தை விட்டு எகிறாமல் அடியில் ஒரு சக்கரம் பிடித்துக்கொள்கிற ஏற்பாடும் அந்த மனுஷர் பேட்டன்ட் வாங்கியவை. அந்தத் துறையின் பிதாமகர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முதலாளிகள் கதை. கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும். நம் ஆபீஸ் கதையைவிடச் சிக்கலானது.

பல கை மாறி, 1969-ல் ஃபன்டைம் என்ற கம்பெனியிடம் வந்தது பூங்கா. அடுத்த வருஷமே ஏரியின் எதிர்க்கரையில் ஸீ வேர்ல்டு திறந்தார்கள். திமிங்கிலம், டால்பின், நீர்நாய் எல்லாம். இந்தக் கரையில் ராட்டினம், அந்தக் கரையில் திமிங்கிலம். கிட்டத்தட்ட முப்பது வருஷம் இரண்டும் சண்டை சச்சரவில்லாமல் ஒண்டுக் குடித்தனம் நடத்தின.

1995-ல் பிரீமியர் பார்க்ஸ் என்ற கம்பெனி ஃபன்டைமை வாங்கியது. அதோடு பசி அடங்கவில்லை. 1998-ல் தன்னைவிடப் பிரபலமான சிக்ஸ் ஃப்ளாக்ஸையே வாங்கி, பிறகு தன் பெயரையும் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் என்று மாற்றிக்கொண்டது. எல்லாம் கடன். சின்ன பாம்பு பெரிய தவளையை விழுங்கினால் எப்படியிருக்கும், அப்படி.

2000-ல் ஜியாகா லேக் என்ற பெயரை எடுத்துவிட்டு 'சிக்ஸ் ஃப்ளாக்ஸ் ஒஹையோ' என்று போர்டு மாட்டினார்கள். ஒரே வருஷத்தில் நாலு புது ரோலர் கோஸ்டர்! பேட்மேன் பெயரில் ஒன்று, சூப்பர்மேன் பெயரில் ஒன்று... என் சித்தி பையன் அண்டு கோ அங்கே போக ஆரம்பித்தது இந்த ஜாம்ஜாம் காலத்தில்தான்.

"அண்ணா, பேட்மேன் ராட்டினத்துல காலுக்குக் கீழ தரையே இருக்காது. செருப்பைக் கழட்டிட்டுத்தான் ஏறணும். நாலு தடவை ஏறினேன்."

"பிக் டிப்பர்ல ஏறலியா?"

"மரத்துல கட்டினதுல எவன் ஏறுவான்? அதெல்லாம் கிழவனுங்களுக்குன்னு நெனச்சேன். எங்க போயிடப் போகுது, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

இந்த 'அப்புறம்' என்ற வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2001-ல் எதிர்க்கரை ஸீ வேர்ல்டையும் 11 கோடி டாலர் கொடுத்து வாங்கினார்கள். விற்றது யார் தெரியுமோ? பட்வைசர் பீர் தயாரிக்கும் கம்பெனி. (திமிங்கிலத்துக்கும் பீருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். எல்லாம் தண்ணி!) இரண்டு கரையும் சேர்ந்து ஒரே பூங்கா, மறுபடி புதுப் பெயர், 'வேர்ல்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர்'. சுமார் 700 ஏக்கர். உலகிலேயே பெரிய பூங்கா என்று தம்பட்டம் அடித்தார்கள்.

ஆனால் ஒஹையோவில் பூங்கா நடத்துவது நம் ஊரில் ஸ்வெட்டர் கடை நடத்துவது மாதிரி. மே மாதம் திறந்தால் இலையுதிர் காலத்தில் மூடிவிட வேண்டும். மீதி மாதங்கள் பனி. சம்பாதிப்பது நாலைந்து மாதம். வட்டி கட்டுவது பன்னிரண்டு மாதம். ரோலர் கோஸ்டரையாவது பனிக்காலத்தில் அப்படியே போட்டுவிடலாம். திமிங்கிலத்துக்கு தினம் சாப்பாடு போட வேண்டுமே! அதோடு கிளீவ்லாண்டு ஒன்றும் ஜனத்தொகை பெருகிக்கொண்டே போகிற ஊரும் இல்லை. இரும்பு, கார் தொழிற்சாலைகள் படுத்து, ஆட்கள் வெளியேறிக்கொண்டிருந்த ஊர். முதல் வருஷம் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் அடுத்தடுத்த வருஷங்களில் மெலிந்தது. கடனோ மெலியவில்லை.

2004 மார்ச்சில் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் கை கழுவியது. வாங்கியவர்கள் சீடர் ஃபேர். (யாருடைய சிஷ்யகோடிகளும் அல்ல. ஆங்கில சீடர், தேவதாரு மரம்.) விலை 14.5 கோடி டாலர். எதிர்க்கரைக்கு மட்டுமே 11 கோடி கொடுத்து வாங்கி, மூன்று வருஷம் கழித்து இரண்டு கரை, அத்தனை புது ரோலர் கோஸ்டர் எல்லாம் சேர்த்து 14.5 கோடிக்கு விற்றார்கள். நம் மாமா ஒருத்தர் ஷேர் மார்க்கெட்டில் செய்ததைத்தான் இவர்கள் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள்.

அப்புறம் நடந்தது ஒரு கல்யாண வீட்டு அவசரம். பேட்மேன், சூப்பர்மேன், பக்ஸ் பன்னி எல்லாம் வார்னர் கம்பெனியின் சொத்து. சிக்ஸ் ஃப்ளாக்ஸ் அதற்கு லைசென்ஸ் வைத்திருந்தது. பூங்காவை விற்றால் ராட்டினம் கைமாறும். பேட்மேன் கைமாற மாட்டார். சீஸன் திறக்கச் சில வாரமே பாக்கி. போர்டு போர்டாகக் கழற்றி, வௌவாலை அழித்து, முயலைத் துரத்தி, ராட்டினங்களுக்கெல்லாம் புது நாமகரணம். பேட்மேன் 'டாமினேட்டர்' ஆனார். சூப்பர்மேன் 'ஸ்டீல் வெனம்' ஆனார். திமிங்கிலம் விற்பனையில் சேர்த்தி இல்லை. ஷூகா என்ற அந்தப் பெண் திமிங்கிலம் 2002-ல்தான் பிரான்சிலிருந்து ஒஹையோவுக்கு வந்திருந்தாள். இரண்டு வருஷத்தில் பெட்டி படுக்கையோடு கலிஃபோர்னியாவுக்கு மாற்றல். பூங்காவுக்கு ஜியாகா லேக் என்ற பழைய பெயர் திரும்பி வந்தது.

ஊரே சந்தோஷப்பட்டது! சீடர் ஃபேர் ஒன்றும் வெளியூர் சேட் இல்லை, அதே ஒஹையோக்காரர்கள். ஒன்றரை மணி நேர கார் தூரத்தில், ஈரி ஏரிக் கரையில், 1870-லிருந்து இருக்கும் சீடர் பாயின்ட் அவர்களுடையதுதான். ராட்டினம் விடுவதில் பெரிய கில்லாடிகள். 'நம்மாள் வந்துட்டான், இனிமே கவலையில்லை' என்று ஜனங்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

கவலைப்பட வேண்டியது அதே காரணத்துக்குத்தான் என்பது எனக்கும் பின்னால்தான் உறைத்தது. என் கம்பெனி கைமாறியபோது புது முதலாளிக்கு அதே ஊரில், இரண்டு தெரு தள்ளி, ஏற்கனவே ஓர் ஆபீஸ் இருந்தது. அங்கேயும் ஒரு சீனியர் அக்கவுன்டன்ட் இருந்தார். புரிகிறதா? நம் திறமை, சின்சியாரிட்டி, வருஷா வருஷம் வாங்கிய 'குட்' எல்லாம் அப்புறம். புது முதலாளியின் மேப்பில் நமக்குப் பக்கத்தில் இன்னொரு நாம் இருக்கிறோமா என்பதுதான் முதல் கேள்வி.

சீடர் ஃபேர், ஸீ வேர்ல்டு கரையை இடித்துவிட்டு 2005-ல் ஒரு வாட்டர் பார்க் கட்டியது. எதிர்க்கரையில் பெரிய ரோலர் கோஸ்டர் ஒன்றுகூடப் புதிதாக வரவில்லை. சீடர் பாயின்ட்டில் அதே சமயத்தில் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள், வயிறு எரியும்.

2006-ல் இன்னொரு பெரிய வியாபாரம். பாரமவுண்ட் பெயரில் இருந்த 5 பூங்காக்களை சீடர் ஃபேர் 124 கோடி டாலருக்கு வாங்கியது. அதில் ஒன்று, அதே ஒஹையோவின் தெற்குக் கோடியில் இருக்கும் கிங்ஸ் ஐலண்டு. இப்போது கையில் 12 பூங்கா. தலைக்கு மேல் கடன். பன்னிரண்டு பிள்ளை பெற்றவன் வீட்டில் கறிகாய் எப்படிப் பங்கு பிரியும்? சம்பாதிக்கிற பிள்ளைக்கு முதல் தட்டு. ஜியாகா லேக்கில் இருந்த எக்ஸ்-ஃப்ளைட் என்ற ராட்டினத்தைக் கழற்றி கிங்ஸ் ஐலண்டுக்குக் கொண்டுபோய், 2007-ல் ஃபயர்ஹாக் என்று பெயர் வைத்தார்கள். பழைய சூப்பர்மேனையும் கழற்றினார்கள்; அது 2008-ல் பென்சில்வேனியாவில் வூடூ ஆகி, அடுத்த வருஷமே பொசெஸ்ட் ஆயிற்று. ஒன்பது வருஷத்தில் ஒரே ராட்டினத்துக்கு நாலு பெயர். ரேஷன் கார்டு இருந்திருந்தால் திருத்தி மாளாது.

இரும்பு ரோலர் கோஸ்டரில் இது ஒரு சௌகரியம். துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கியது. நம்பர் போட்டுக் கழற்றி, லாரியில் ஏற்றி, வேறு ஊரில் பூட்டிவிடலாம். மரத்தில் கட்டியதோ அதே இடத்தில் அறுத்து, அடித்து, வருஷா வருஷம் பலகை மாற்றி வளர்த்தது. பிரித்தால் பெரும்பாலும் விறகு. ஆகவே மானேஜ்மென்ட் மாறினால், இரும்புக்கு டிரான்ஸ்பர், மரத்துக்கு வி.ஆர்.எஸ்!

2007 கோடை. என் சித்தி பையனுக்குக் கல்யாணமாகி, மனைவி மாசமாக இருந்தாள். ஜியாகா லேக் போனார்கள். கர்ப்பிணிகள் ஏறக்கூடாது என்று ஒவ்வொரு ராட்டினத்திலும் போர்டு. அவளைத் தனியாக பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு இவன் மட்டும் ஏறுவது நன்றாகவா இருக்கும்? பிக் டிப்பருக்கு எதிரே உட்கார்ந்து இரண்டு பேரும் எலுமிச்சை ஜூஸ் குடித்தார்களாம்.

"அப்ப அவதான் சொன்னா அண்ணா, 'ரொம்ப அழகா இருக்கு. குழந்தை பொறந்தப்புறம் அடுத்த வருஷம் வந்து ஏறலாம்'னு."

அந்த வருஷம் சீஸனின் கடைசி நாள் செப்டம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல விளக்கணைத்து, ஜனங்களை வெளியே அனுப்பி, கேட்டைப் பூட்டினார்கள்.

செப்டம்பர் 21, வெள்ளிக்கிழமை அறிவிப்பு வந்தது. ராட்டினப் பூங்கா நிரந்தரமாக மூடப்படுகிறது. வாட்டர் பார்க் மட்டும் தொடரும்.

தேதிகளை மறுபடி பாருங்கள். 16-ம் தேதி மூடிவிட்டு, 21-ம் தேதி சொன்னார்கள். 120 வருஷப் பூங்கா. அதில் 82 வருஷம் பிக் டிப்பர் ஓடியிருக்கிறது. கடைசி நாளன்று கடைசியாக அதில் ஏறி இறங்கியவனுக்கு, தான்தான் கடைசி என்று தெரியாது. அதை ஓட்டியவருக்கும் தெரிந்திருக்குமா என்பது சந்தேகமே. சொல்லியிருந்தால் ஊரே திரண்டு வந்திருக்கும், டிக்கெட்டும் விற்றிருக்கும். ஏன் சொல்லவில்லை? ஆபீஸில் இருப்பவர்களுக்கு இது புரியும். முன்கூட்டியே சொன்னால் அழுகை, மனு, மறியல், பத்திரிகைக்காரர்கள். சொல்லாமல் செய்துவிட்டால் எல்லாம் முடிந்துபோன விஷயம்.

போட்டியை ஒழிக்கத்தான் வாங்கி மூடினார்கள் என்று கிளீவ்லாண்டு பக்கம் இன்றைக்கும் சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. நான் நம்பவில்லை. ஒழிப்பதற்காக 14.5 கோடி டாலர் கொடுத்து, அதற்குமேல் வாட்டர் பார்க்கும் கட்டுகிற அளவு யாரும் இளிச்சவாயர்கள் இல்லை. நிஜமாகவே ஓட்டிப் பார்க்கத்தான் வாங்கியிருப்பார்கள். கூட்டம் எதிர்பார்த்த அளவு வரவில்லை. அந்த நிலைமையில், ஒரே ஒரு பூங்கா வைத்திருக்கிற முதலாளி என்ன செய்வார்? வீட்டை அடகு வைப்பார், பெண்டாட்டி நகையை விற்பார், அடுத்த கோடை கைகொடுக்கும் என்று காத்திருப்பார். பன்னிரண்டு வைத்திருப்பவர் ஏன் காத்திருக்க வேண்டும்? ஒன்றை மூடினாலும் அந்த ஜனங்கள் காரை எடுத்துக்கொண்டு அவருடைய இன்னொரு பூங்காவுக்குத்தானே வருவார்கள்? பகை, சதி எதுவும் தேவையில்லை. ஒரு கால்குலேட்டர் போதும்.

பழைய பேட்மேன் வர்ஜீனியாவில் கிங்ஸ் டொமினியனுக்கு டிரான்ஸ்பர். இன்னொன்று மிச்சிகனுக்கு. மற்றொன்று கரோலினாவுக்கு. 1926-ல் செய்த மரக்குதிரை ராட்டினத்துக்குக்கூட கான்சாஸ் சிட்டியில் இடம் கிடைத்தது. 2008 ஜூனில் மீதியை ஏலம் விட்டார்கள். பிக் டிப்பர் போன விலை 5,000 டாலர். அன்றைய கணக்கில் நம் பணம் சுமார் 2 லட்சம்!

"என் பழைய ஹோண்டா காரை அதைவிட ஜாஸ்தி விலைக்கு வித்தேன் அண்ணா" என்றான் சித்தி பையன்.

ஏலம் எடுத்தவர்களாலும் அதைப் பெயர்த்துக்கொண்டு போக முடியவில்லை. செடி கொடி மண்டி எட்டு வருஷம் அப்படியே நின்றது. 2016-ல் வாட்டர் பார்க்கையும் மூடினார்கள். அதே அக்டோபரில் பிக் டிப்பரை இடித்துத் தள்ளினார்கள். இப்போது அங்கே வீடு கட்டி விற்கிறார்கள். ஏரி இருக்கிறது.

கைமாறினாலே கதை முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். டிராம்காரர்கள் ஆரம்பித்த கென்னிவுட்டைச் சொன்னேன் அல்லவா? 1906-லிருந்து இரண்டு குடும்பங்கள் வழிவழியாக நடத்தி, 2007-ல் ஸ்பெயின் தேசத்துக் கம்பெனி ஒன்றுக்கு விற்றன. பிட்ஸ்பர்க்கில் அன்றைக்கு ஒப்பாரிதான். ஸ்பெயின்காரனுக்கு நம்ம ஊர் ராட்டினத்தைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் ஆகவில்லை. 1920-ல் கட்டிய ஜாக் ராபிட் என்ற மர ரோலர் கோஸ்டர் இன்னமும் ஓடுகிறது. 2025-ல் மறுபடி கைமாறி, ஹெர்ஷெண்டு என்ற அமெரிக்கக் குடும்பக் கம்பெனியிடம் வந்திருக்கிறது. இரண்டு முதலாளிகளுக்குமே கென்னிவுட்டின் கூட்டத்தைப் பங்கு போட பக்கத்தில் இன்னொரு பெரிய ராட்டினப் பூங்கா கிடையாது என்பதை கவனியுங்கள்.

கிங்ஸ் ஐலண்டு இன்னும் அதிர்ஷ்டக்காரப் பிள்ளை. சீடர் ஃபேரிடம் வந்தபின் 2009, 2014, 2017, 2020 என்று வரிசையாகப் பெரிய ரோலர் கோஸ்டர்கள். இழந்தது பெயர்களை மட்டும்தான். 'டாப் கன்' என்று சினிமா பெயரில் பறந்த ராட்டினம் லைசென்ஸ் போனதும் 'ஃப்ளைட் டெக்' ஆகி, பிறகு 'தி பேட்' ஆனது. ஜியாகா லேக்கிலிருந்து டிரான்ஸ்பரில் வந்த ஃபயர்ஹாக் மட்டும் பாவம், 2018-ல் இடித்து, அந்த இடத்தில் புதியதைக் கட்டினார்கள். டிரான்ஸ்பரில் போகிறவனுக்குப் போன இடத்தில் சீனியாரிட்டி கிடையாது!

சிலசமயம் பூங்காவுக்கு எதிரி அதன் காலடி மண்ணே. நம்மவர்கள் கூட்டம் கூட்டமாக வாழும் சிலிக்கான் பள்ளத்தாக்கில், சான்டா கிளாராவில், கிரேட் அமெரிக்கா என்று ஒரு பூங்கா. அதுவும் பாரமவுண்டோடு வந்த சீதனம்தான். நிலம் நகராட்சியுடையது. 2019-ல் சீடர் ஃபேர் அதை 15 கோடி டாலருக்கு வாங்கியது. மூன்றே வருஷத்தில், 2022-ல், குடோன் கட்டும் கம்பெனி ஒன்றுக்கு 31 கோடி டாலருக்கு விற்று, அதே இடத்தில் வாடகைக்கு உட்கார்ந்தது. குத்தகையை நீட்டித்தாலும் 2033 வரைதான். எத்தனை ஆயிரம் பேரை எத்தனை தடவை தலைகீழாகச் சுற்றினால் 16 கோடி டாலர் லாபம் வரும், சொல்லுங்கள்?

சிக்ஸ் ஃப்ளாக்ஸ் கதைக்கு வருவோம். கடன் முற்றி, 2009 ஜூனில் திவால் பாதுகாப்பு கேட்டுக் கோர்ட்டுக்குப் போய், ஒருவழியாகப் பிழைத்து வந்தது. 2024 ஜூலை 1-ம் தேதி அதற்குக் கல்யாணம். வரன் யார்? சாட்சாத் சீடர் ஃபேர்! ஜியாகா லேக்கை விற்றவரும் வாங்கியவரும் ஒரே குடும்பம். பெயர் சிக்ஸ் ஃப்ளாக்ஸ்தான். ஆனால் கல்யாணத்தின்போது பங்குகளில் சற்றே அதிகமும் தலைமை அதிகாரி நாற்காலியும் சீடர் ஃபேர் பக்கம் இருந்தன. பெயர் மாப்பிள்ளை வீட்டுது, சாவிக்கொத்து பெண் வீட்டில். வாட்டர் பார்க்குகளையும் சேர்த்தால் அப்போது 40-க்கு மேல் பூங்கா இருந்தன.

இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள், யாருக்கு முதல் ஆபத்து என்று. யாருக்குப் பக்கத்தில் இன்னொரு தான் இருக்கிறதோ, அதற்கு.

வாஷிங்டன் அருகே மேரிலாண்டில் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் அமெரிக்கா என்று ஒரு பூங்கா, 500 ஏக்கரில். இரண்டு மணி நேர கார் தூரத்துக்குள் வர்ஜீனியாவின் கிங்ஸ் டொமினியன். கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் போட்டிக் கடைகள். கல்யாணத்துக்குப் பின்னால் ஒரே கல்லாப்பெட்டி. 2025 மே 1-ம் தேதி அறிவித்தார்கள்: மேரிலாண்டு பூங்கா கம்பெனியின் வளர்ச்சித் திட்டத்துக்குப் பொருந்தவில்லை, நவம்பர் 2 கடைசி நாள், நிலம் விற்பனைக்கு.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தத் தடவை ஆறு மாதம் முன்னால் சொன்னார்கள்.

என் சித்தி பையன் இப்போது மேரிலாண்டுவாசி. வேலை மாறிப் போய்ப் பல வருஷமாகிறது. 2007-ல் வயிற்றில் இருந்த பிள்ளைக்கு மீசை முளைத்துவிட்டது. அறிவிப்பைப் படித்ததும், "இந்த வாட்டி விடப்போறதில்லை" என்று அக்டோபரில் ஒரு சனிக்கிழமை பையனையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

அந்தப் பூங்காவில் வைல்டு ஒன் என்று ஒரு மர ரோலர் கோஸ்டர். அதன் ஜாதகத்தைக் கேட்டபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. 1917-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கடற்கரைப் பூங்கா ஒன்றில் கட்டியது. 1984-ல் அந்தப் பூங்காவை மூடி, நிலத்தை விற்று, ராட்டினத்தை ஏலம் விட்டபோது மேரிலாண்டுக்காரர்கள் எடுத்து, பலகை பலகையாகக் கொண்டுவந்து 1986-ல் மறுபடி எழுப்பினார்கள். மரத்துக்கு டிரான்ஸ்பர் கிடையாது என்று மேலே அளந்தேனே, அதற்கு விதிவிலக்கு. வடிவமைத்தவர் அதே ஜான் மில்லர்.

"எப்படிடா இருந்தது?" என்றேன்.

"முதுகு பிடிச்சுக்கிச்சு அண்ணா. மரம் இல்லியா, எலும்பெல்லாம் கடகடன்னு ஆடிப்போச்சு. பையன் சிரிக்கிறான். ரெண்டு நாள் ஐயோடெக்ஸ்."

"அப்ப ஒரு தடவையோட இறங்கிட்டே?"

"இல்ல, ரெண்டு தடவை ஏறினேன்."

"வலிச்சுதுங்கறே... ரெண்டாவது எதுக்குடா?"

"அது பிக் டிப்பர் கணக்குல" என்றான்.